அரியணைக்குப் பெண் கொடுத்த வீடு

மனைவியையும், பிறந்த அன்றே பிள்ளையையும் பறிகொடுத்துவிட்டு மன்னர் விசேரிஸ் தன் அறையில் தனியே உட்கார்ந்திருக்கிறார். அவருடைய தலைமை அமைச்சர் ஆட்டோ ஹைடவர் தன் மகள் அலிசென்ட்டைக் கூப்பிட்டு, மன்னருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வா என்கிறார். அவள் கிளம்பும்போது, அம்மாவின் உடைகளில் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாமே என்றும் சொல்லி வைக்கிறார். 2022 ஆகஸ்டில் வெளியான 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' தொடரின் முதல் எபிசோடில் வரும் காட்சி இது. வாள் கிடையாது, டிராகன் கிடையாது. ஆனால் இரண்டு தலைமுறையை எரிக்கப்போகும் போர் இந்த அறையில்தான் மூண்டது.

ஆட்டோ செய்தது பதவி ஆசையாலா, மகள் நன்றாக இருக்கட்டும் என்ற எண்ணத்தாலா? தொடரைப் பார்த்தவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. உயர்குடியின் வீட்டுக்குள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியாது என்பதுதான் என் எண்ணம். ஆட்டோ ஒரு தம்பி. பிறந்த வீட்டின் கோட்டையும் நிலமும் அண்ணனுக்குப் போய்விட்டன. தம்பிக்கு இருப்பது அமைச்சர் பதவி மட்டும். மன்னர் முகம் சுளித்தால் அதுவும் போகும், பின்னால் ஒருமுறை போகவும் செய்கிறது. பேரன் அரியணை ஏறிவிட்டால் அதை யாரும் பிடுங்க முடியாது. மகளை அரசியாக்குவது அவளுக்குச் செய்யும் நன்மை என்று அவர் மனதார நம்புகிறார். மகளின் விருப்பத்தைக் கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றாத அளவுக்கு அந்த நம்பிக்கை முழுமையானது. அதுதான் பயங்கரம்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் 2018-இல் எழுதிய 'ஃபயர் அண்ட் பிளட்' நூலில் அலிசென்ட்டுக்கும் இளவரசி ரெய்னைராவுக்கும் ஏறக்குறைய ஒன்பது வயது வித்தியாசம். சித்தியும் மூத்தாள் மகளும் மோதிக்கொள்ளும் பழைய கதை அது. தொடரை எடுத்தவர்கள் இருவரையும் ஏறக்குறைய ஒரே வயதுத் தோழிகளாக மாற்றினார்கள். மரத்தடியில் மடியில் தலைவைத்துப் புத்தகம் படித்த தோழி, ஒரு நாள் அப்பாவின் மனைவியாகிறாள். இந்த ஒரு மாற்றத்தால் கதையின் எடையே கூடிவிட்டது. அலிசென்ட் எதை இழந்தாள் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு ஹைடவர் குடிக்காக அவள் எடுக்கும் ஒவ்வொரு முடிவிலும் அந்த இழப்பு இருக்கிறது.

மன்னர் இறந்த காலையில் நடக்கும் அமைச்சரவைக் கூட்டத்தை நான் இந்தத் தொடரின் உச்சமாகக் கருதுகிறேன். மகன் ஏகானுக்கு முடிசூட்டவேண்டும் என்பதே கணவரின் கடைசி விருப்பம் என்று நம்பிக்கொண்டு அலிசென்ட் வருகிறாள். அங்கே போனால், தந்தையும் மற்றவர்களும் அதற்கான ஏற்பாடுகளை எப்போதோ தொடங்கிவிட்டார்கள் என்று தெரிகிறது. யாருக்காகத் திட்டமோ அவனுடைய தாய்க்கே அது தெரியாது. மன்னர் வாரிசாக அறிவித்திருந்த ரெய்னைராவை உயிரோடு விடக்கூடாது என்று தந்தை பேசும்போது மகளின் முகம் மாறுகிறது. வீட்டுக்கு உண்மையாக இருந்தாள். ஆனால் அந்த வீடு அவளை ஓர் ஆளாகவே எண்ணியதில்லை.

ரெய்னைராவுக்கும் ஏகானுக்கும் இடையே மூளும் இந்தப் போருக்கான கருவை மார்ட்டின் 12-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலிருந்து எடுத்தார். முதலாம் ஹென்றியின் ஒரே சட்டபூர்வ மகன் 1120-இல் கப்பல் மூழ்கி இறந்தான். மகள் மட்டில்டாவை வாரிசாக்கிப் பிரபுக்களிடம் ஹென்றி சத்தியம் வாங்கினார். 1135-இல் அவர் கண் மூடியதும், சத்தியம் செய்தவர்களில் ஒருவரான ஸ்டீபன், ஹென்றியின் சொந்தச் சகோதரி மகன், ஓடிப்போய் முடிசூட்டிக்கொண்டார். பதினெட்டு ஆண்டுச் சண்டை. இதில் ஸ்டீபனின் தம்பியான வின்செஸ்டர் பிஷப் ஹென்றியைப் பாருங்கள்: அண்ணன் மன்னராக உதவினார், 1141-இல் அண்ணன் சிறைப்பட்டதும் மட்டில்டா பக்கம் போனார், அதே ஆண்டே திரும்பியும் வந்தார்.

எதிர்ப்பக்கம் இருந்தவர் குளோஸ்டர் பிரபு ராபர்ட். ஹென்றி மன்னருக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன். ஆகவே அரியணைக்கு உரிமை இல்லாதவர். முதலில் அவரும் ஸ்டீபனை ஏற்றுக்கொண்டார்தான். ஆனால் 1138-இல் அதை உதறிவிட்டுத் தங்கை மட்டில்டாவின் படைத்தலைவராகக் கடைசிவரை நின்றார். வின்செஸ்டரில் அவள் தப்பிப்போக வழிவிட்டுப் பின்னால் நின்று சண்டையிட்டுப் பிடிபட்டார். அவரை மீட்க, கையில் சிறைப்பட்டிருந்த மன்னரையே மட்டில்டா விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 1147-இல் ராபர்ட் இறந்தார். மறு ஆண்டே அவள் இங்கிலாந்தை விட்டுப் போனாள். பங்கு இல்லாதவன் காட்டிய விசுவாசத்தின் மேல்தான் பங்குள்ளவளின் உரிமை நின்றது. மார்ட்டினின் கற்பனை நாடான வெஸ்டரோஸின் கதைகளில் முறைப்படி பிறக்காத பிள்ளைகளுக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன் என்று யோசித்தால் ராபர்ட்தான் என் நினைவுக்கு வருகிறார்.

ஆனால் பங்கு இல்லாதவர் எல்லோரும் ராபர்ட் ஆவதில்லை. ஆட்டோவும் பங்கு இல்லாத தம்பிதான். லாரிஸ் ஸ்ட்ராங் அதைவிட மோசம். அரசியின் மனம் குளிரட்டும் என்று தன் தந்தையையும் அண்ணனையும் தீயில் சாகவிட்டு, ஹாரன்ஹால் கோட்டைக்குத் தானே உரிமையாளன் ஆனவன்.

கோர்லிஸ் வெலேரியனின் வீடு இன்னும் சிக்கலானது. கடற்படையால் செல்வம் சேர்த்த, ஒரு தீவை ஆளும் குடி அது. ரெய்னைராவின் மூன்று மகன்களும் அவளை மணந்த தன் மகனுக்குப் பிறந்தவர்கள் இல்லை என்பது கோர்லிஸுக்கும் ஊருக்கும் தெரியும். இருந்தும் அவர்களைப் பேரன்கள் என்றே சொல்லுகிறார். உலகம் நினைவில் வைத்திருப்பது பெயரைத்தான், இரத்தத்தை இல்லை என்பது அவர் வாதம். அவருடைய தம்பி வேமண்டால் இதைத் தாங்க முடியவில்லை. நம் இரத்தம் இல்லாதவனுக்கு நம் தீவா என்று சபை நடுவே வெடிக்கிறார், அங்கேயே தலையை இழக்கிறார். வேமண்ட் சொன்னது பொய்யில்லை. தனக்கே தீவு கிடைக்கவேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது. குடியின் மானத்தைக் காக்க இருவருமே நின்றார்கள். குடி என்பது எது என்பதில்தான் பிரிந்தார்கள். நல்லவர் யார் கெட்டவர் யார் என்று நமக்குச் சொல்லிக்கொடுக்காமல் தொடர் இதை அப்படியே விட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

முந்தைய தொடரான 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' (2011–2019) இந்தக் கதைகளை உலகறியச் செய்தது, முக்கியமாக 2013 ஜூனில் வந்த சிவப்புத் திருமணத்தின் மூலம். தன் வீட்டில் பெண் எடுப்பதாக வாக்குக் கொடுத்த ராப் ஸ்டார்க் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டதற்காக, வால்டர் ஃப்ரே கல்யாணப் பந்தலில் விருந்தாளிகளை வெட்டிக் கொல்கிறார். அவமானத்துக்குப் பழி என்று பேசிக்கொண்டாலும், ராபின் எதிரிகளான லானிஸ்டர்களோடு பேரம் ஏற்கெனவே முடிந்திருந்தது; ரிவர்ரன் கோட்டைதான் கூலி. நாவலில் அந்தக் கல்யாணத்தின் மணப்பெண்ணான ஃப்ரேயின் மகள் ராஸ்லின் அழுதுகொண்டே இருக்கிறாள். என்ன நடக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். அவளைக் காட்டித்தான் விருந்தாளிகளை உள்ளே இழுத்தார்கள்.

இந்தக் காட்சிக்கு ஸ்காட்லாந்தின் இரண்டு சம்பவங்களை முன்மாதிரியாக மார்ட்டின் சொல்லியிருக்கிறார். ஒன்று 1692-இல் கிளென்கோவில் விருந்தாளிகளாகத் தங்கிய படைவீரர்கள் தங்களுக்குச் சோறு போட்ட மெக்டொனால்ட் குலத்தாரைக் கொன்றது. மற்றொன்று 1440 நவம்பரில் எடின்பரோ கோட்டையில் நடந்த கறுப்பு விருந்து. ஆறாம் டக்ளஸ் பிரபு வில்லியமையும் அவன் தம்பி டேவிட்டையும் பத்து வயது மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் பெயரால் விருந்துக்கு அழைத்து, விசாரணை என்று ஒன்றை நடத்தி, தலையை வெட்டினார்கள். வில்லியமுக்கு அப்போது பதினாறு வயதுதான் இருக்கும். கறுப்புக் காளையின் தலையை மேசையில் வைத்தார்கள் என்பது பின்னாளில் ஒட்டிக்கொண்ட கதை. ஆனால் அடுத்த பிரபுவானது யார் என்பது கதையல்ல: பிள்ளைகளின் பாட்டனாருடைய சொந்தத் தம்பி ஜேம்ஸ் டக்ளஸ். அவருக்கும் இதில் கை இருந்தது என்ற சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. குடி அழியவில்லை, கிளை மாறியது.

கொல்லப்பட்ட அண்ணன்களுக்கு மார்கரெட் என்று ஒரு தங்கை இருந்தாள். கேலோவே நிலங்கள் அவள் பேரில் வந்தன. நிலம் பிரிந்து போகக்கூடாது என்று, ஆதாயம் அடைந்த அதே ஜேம்ஸின் மகனுக்கு, போப்பாண்டவரின் சிறப்பு அனுமதி வாங்கி, அவளைக் கட்டிவைத்தார்கள். அந்தக் கணவனை 1452-இல் ஸ்டெர்லிங் கோட்டையில் மன்னரே கத்தியால் குத்திக் கொன்றார். பிறகு கொழுந்தனுக்கு மனைவியானாள். மூன்றாவது திருமணம் மன்னரின் மாற்றாந்தந்தைக்குப் பிறந்த தம்பியோடு.

ஒவ்வொரு திருமணத்திலும் யாருக்கு என்ன நிலம் சேர்ந்தது என்பது பதிவாகியிருக்கிறது. அவள் என்ன நினைத்தாள் என்பது எங்கும் இல்லை. கற்பனைக் கதைகளுக்கு இங்கேதான் வேலை என்று நான் நம்புகிறேன். 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' தொடரின் 2024-இல் முடிந்த இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடில் அலிசென்ட் யாருக்கும் தெரியாமல் ரெய்னைராவைத் தேடிப் போகிறாள். தலைநகரைத் தருகிறேன், என் மகளோடு என்னைப் போகவிடு என்கிறாள். அதற்கு விலையாக மகன் ஏகானின் உயிரை ரெய்னைரா கேட்க, அவள் சம்மதிக்கிறாள். தன்னை ஒப்பந்தமாக்கிக் கொடுத்த வீட்டைத் தாண்டி அவள் செய்துகொள்ளும் முதல் சொந்த ஒப்பந்தம் இது. அதிலும் ஒரு பிள்ளைதான் விலை.