வகுப்பறைக்கு வெளியே – 9: விருந்தாளியாக வந்த கல்லூரி

1978இல் கலிபோர்னியா மக்கள் வாக்களித்துச் சொத்து வரிக்கு உச்சவரம்பு கட்டிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். வீட்டுக்காரர்களுக்கு வரி மிச்சமானது. அந்த வரியை நம்பியிருந்த பள்ளிக்கூடங்களுக்குத் துண்டு விழுந்தது. கை இறுகும்போது கணக்கு வாத்தியாரை யாரும் நிறுத்த மாட்டார்கள். பாட்டு, ஓவிய ஆசிரியர்கள்தான் முதலில் வெளியே போனார்கள். வசதியான ஊர்களில் பெற்றோர் நன்கொடை திரட்டிச் சமாளித்தார்கள். தெற்கு லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் போன்ற ஏழைப் பகுதிகளில் அதற்கு வழியில்லை.

ஆனால் வாட்ஸிடம் வேறொரு சொத்து இருந்தது. இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த சைமன் ரோடியா, 1921இல் தொடங்கி 33 ஆண்டுகள் ஒற்றை ஆளாக எழுப்பிய கோபுரங்கள். இரும்புக் கம்பியில் வலையைச் சுற்றி, சிமென்ட் கலவை பூசி, ஈரம் காயுமுன் உடைந்த ஓடுகளையும் கிளிஞ்சல்களையும் செவன்அப் பாட்டிலின் பச்சைச் சில்லுகளையும் பதித்திருக்கிறார். உயரமான கோபுரம் கிட்டத்தட்ட 100 அடி. ஆபத்தான கட்டடம், இடிக்க வேண்டும் என்றது நகர நிர்வாகம். 1959இல் 10,000 பவுண்டு விசை கொடுத்து இழுத்துப் பார்த்தார்கள். கோபுரம் அசைந்து கொடுக்கவில்லை. இடிக்கும் பேச்சு அத்தோடு முடிந்தது.

கோபுரங்களைக் காப்பாற்றியவர்கள் அவற்றின் காலடியிலேயே பிள்ளைகளுக்குக் கலை வகுப்பு தொடங்கினார்கள். அந்தக் கலை மையத்துக்கு 1964இல் முதல் இயக்குநராக வந்தவர் நோவா பியூரிஃபாய். ஷுனார்ட் கலைப் பள்ளியில் படித்த கறுப்பினச் சிற்பி. மறு ஆண்டு ஆகஸ்டில் கலவரம் வெடித்து வாட்ஸ் பற்றி எரிந்தது. 34 பேர் மாண்டார்கள். கரிந்த மரத்தையும் உருகிக் கிடந்த நியான் குழாய்களையும் அள்ளி வந்து, பியூரிஃபாயும் சக கலைஞர்களும் சிற்பங்களாக்கி, 1966இல் காட்சிக்கு வைத்தார்கள்.

பியூரிஃபாய் படித்த ஷுனார்ட், நகரத்தின் இசைக் கல்லூரி ஒன்றோடு இணைந்துதான், வால்ட் டிஸ்னியின் முயற்சியில் ‘கால்ஆர்ட்ஸ்’ என்ற கலைக் கல்விக்கூடம் பிறந்தது. வடக்கே வெகுதூரத்தில், வலென்சியாவில் அதன் வளாகம். 1990இல் கால்ஆர்ட்ஸ் ‘சமூகக் கலைக் கூட்டமைப்பு’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பேராசிரியர்களும் பழைய மாணவர்களும், படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களும் கறுப்பின, லத்தீன் மக்கள் வாழும் பகுதிகளுக்குப் போய் இலவசமாகக் கற்பிக்கும் ஏற்பாடு. கற்பிக்கும் மாணவர்களுக்குச் சம்பளம் உண்டு. புதுக் கட்டடம் எழுப்பிப் பெயர்ப்பலகை மாட்டாமல், அந்தந்தப் பகுதி மக்கள் ஏற்கெனவே நம்பி வந்த கலை மையங்களோடு கைகோத்தார்கள். வாட்ஸ் கோபுர மையமும் அவற்றில் ஒன்று. முன்பின் தெரியாத கல்லூரியை நம்பிப் பிள்ளையை அனுப்பத் தயங்கும் தாய், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் போய்வரும் இடத்துக்கு அனுப்பத் தயங்க மாட்டாள்.

இங்கே கற்பவர் பிள்ளை மட்டுமல்ல, கற்பிக்கும் மாணவரும்தான். அனிமேஷன் வகுப்பையே எடுத்துக்கொள்வோம்; அதில் பாலபாடம் துள்ளும் பந்து. தரையைத் தொடும் தாளில் பந்தைக் கொஞ்சம் நசுக்கி வரைய வேண்டும். எழும்பும்போது இழுத்து வரைய வேண்டும். உச்சியை நெருங்கும்போது படத்துக்குப் படம் இடைவெளி குறையும், விழும்போது கூடும். இந்தக் கணக்குப் பிசகினால் பந்து பலூனாகிவிடும். கைப்பழக்கத்தில் இதைச் செய்துவந்த இருபது வயது மாணவர், பத்து வயதுக்காரி ‘ஏன்?’ என்று கேட்கும்போதுதான் முதன்முறையாக யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கும். வெறும் தர்மகாரியமாக இருந்தால் பண முடை வந்ததும் நின்றுபோகும். தன் மாணவரின் படிப்பும் இதில் அடங்கியிருப்பதால் கல்லூரி எளிதில் கைவிடாது.

இருந்தாலும், ஒரு கல்லூரி எத்தனை பிள்ளைகளுக்குத்தான் எட்டும்? பள்ளி முடிந்த பின் மையத்துக்கு வர முடிந்த பிள்ளைக்கு வகுப்பு கிடைத்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஓட வேண்டிய பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பள்ளி நேரத்தில், பள்ளிச் சம்பளத்தில் ஓர் ஆசிரியர் வேண்டும். 2022இல் கலிபோர்னியா மக்கள் மறுபடி வாக்களித்தார்கள். அதன்படி, பள்ளிகளுக்கான நிதியில் 1 சதவீதத்துக்கு ஈடான தொகை ஆண்டுதோறும் கலைக் கல்விக்குக் கூடுதலாகத் தரப்பட வேண்டும்; அதில் 30 சதவீதத்தை ஏழை மாணவர்களின் எண்ணிக்கையை வைத்துப் பிரிக்க வேண்டும்; மிகச் சிறியவை தவிர மற்றப் பள்ளி மாவட்டங்கள் குறைந்தது 80 சதவீதத்தை ஆட்களுக்கான சம்பளத்துக்கே செலவிட வேண்டும்.

பணம் வந்தது. ஆசிரியர்களுக்கு எங்கே போவது? அந்த மாநிலத்தில் நீண்ட காலம் நடனம் கற்பிக்க உடற்கல்வி ஆசிரியர் சான்றிதழும், நாடகம் கற்பிக்க ஆங்கில ஆசிரியர் சான்றிதழும்தான் கேட்டார்கள். இரண்டுக்கும் தனிச் சான்றிதழ் கொண்டுவர 2016இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. அந்த வினோதம் அடுத்த வாரம்.

(தொடரும்)