இணையவழிக் கல்வியில் மதிப்பெண் சேரும் வகை



வீட்டிலிருந்தபடியே பட்டப்படிப்புப் படிக்கும் வாய்ப்பு இன்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் கிட்டியிருக்கிறது. 2000ஆம் ஆண்டில் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. இன்று வேறு பல கல்லூரிகளும் இணையவழியில் பாடம் நடத்துகின்றன. "பிள்ளை எந்நேரமும் கைத்தொலைபேசியும் கையுமாக இருக்கிறானே, இதற்கு எப்படி மார்க்கு போடுவார்கள்?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

எஸ்.பி.எம். படிப்பில் ஆண்டு இறுதியில் எழுதும் தேர்வே பெரிது. இணையவழிப் படிப்பு அப்படியன்று. மதிப்பெண் வாரந்தோறும் சிறுகச் சிறுகச் சேர்கிறது. எதற்கு எத்தனை விழுக்காடு என்பதைப் பாடத் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுவார்கள். இது கல்லூரிக்குக் கல்லூரி, பாடத்திற்குப் பாடம் மாறும். ஓர் உதாரணம் சொல்கிறேன். சிறு வினாத்தேர்வுகளுக்கு 10, இணையக் கலந்துரையாடலுக்கு 10, இரண்டு இடுபணிகளுக்குத் தலா 20, இறுதித் தேர்வுக்கு 40. ஆக மொத்தம் 100.

ஒரு மாணவி எல்லாவற்றிலும் நூற்றுக்கு எழுபது என்ற அளவில் செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு மொத்தம் 70 கிடைக்கும். ஆனால் ஓர் இடுபணியை அனுப்பத் தவறிவிட்டாள். அதில் கிடைக்கவிருந்த 14 போய்விடுகிறது, மிஞ்சுவது 56. "இறுதித் தேர்வில் ஈடுகட்டிக்கொள்ளலாம்" என்று அவள் நினைக்கலாம். கணக்கு இடம் கொடுக்காது. இறுதித் தேர்வில் முழு 40ஐயும் வாங்கினால்கூட மொத்தம் 68தான். பழைய 70ஐ எட்ட முடியாது. அதே இடுபணியை அரைகுறையாகவேனும் எழுதி அனுப்பி, 20க்கு 8 வாங்கியிருந்தால் மொத்தம் 64 ஆகியிருக்கும். ஆகவே, குறைவான மதிப்பெண்ணைவிடப் பொல்லாதது பூச்சியம்.

அடுத்து, தரப்புள்ளி. பல பல்கலைக்கழகங்களில் 80க்கு மேல் வாங்கினால் 'ஏ'. 'ஏ'க்கு 4 புள்ளி, 'பி'க்கு 3, 'சி'க்கு 2. ஒவ்வொரு பாடத்திற்கும் 'கிரெடிட்' என்னும் கனமும் உண்டு. செம்பனைக் குலைகளை ஆலையில் எண்ணிப் பார்த்து விலை போடுவதில்லை. எடை போட்டே விலை தருகிறார்கள். இதுவும் அப்படித்தான். 3 கிரெடிட் பாடத்தில் 'ஏ' வாங்கினால் 12 புள்ளி. 2 கிரெடிட் பாடத்தில் 'சி' வாங்கினால் 4 புள்ளி. மொத்தம் 16. அதை 5 கிரெடிட்டால் வகுத்தால் சராசரி 3.20. பி.டி.பி.டி.என். கல்விக் கடன் பெறும் பிள்ளைகள் இந்தச் சராசரியைக் கவனமாகப் பார்க்க வேண்டும். அது 2.00க்குக் கீழே இறங்கினால் கடன் பணம் நிறுத்திவைக்கப்படலாம்.

மலேசியாவில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேர உழைப்பைக் குறிக்கும். 3 கிரெடிட் பாடத்திற்கு 120 மணி நேரம். 14 வாரத் தவணையில் பங்கிட்டால் வாரத்திற்கு ஏறக்குறைய எட்டரை மணி நேரம் வரும். விரிவுரை கேட்பது, நூல் படிப்பது, இடுபணி எழுதுவது எல்லாம் இதில் அடங்கும். இது ஒரு பாடத்திற்கு மட்டுமே என்பதை மறந்துவிடக் கூடாது.

பெற்றோர்களே, பாடம் உங்களுக்குப் புரியாவிட்டாலும் உதவ உங்களால் முடியும். இடுபணி அனுப்பும் தேதிகளைப் பிள்ளையிடம் கேட்டு, சுவரிலுள்ள நாட்காட்டியில் குறித்து வையுங்கள். கெடு இரவு 11.59 என்றால், அதன்பின் கணினி தானாகவே கதவை அடைத்துவிடும். இணையத் தொடர்பு அறுந்துபோனது என்று அதனிடம் சொல்லிப் பயனில்லை. ஆதலால் ஒரு நாள் முன்னதாகவே அனுப்பச் சொல்லுங்கள். 'கிடைத்தது' என்று திரையில் வரும் சான்றைப் படம்பிடித்து வைக்கட்டும். நோயோ துக்கமோ நேர்ந்தால், கெடு முடியும் முன்பே விரிவுரையாளருக்கு எழுதி அவகாசம் கேட்கட்டும். மதிப்பெண்ணில் ஐயம் எழுந்தால் மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கவும் பல கல்லூரிகளில் வழி உண்டு. அதற்கும் கெடு உண்டு.

நாள்தோறும் உழைத்துக் கூலி சேர்ப்பவர்களுக்கு இந்த முறை புதிதன்று. பிள்ளையின் படிப்பும் அவ்வாறே வாரந்தோறும் சேரட்டும்.