பழைய ஃபைபர் படகு: வண்ணம் பூசுவதற்கு முன்

பீர்மேடு என்றதும் தேயிலையும் ஏலக்காயும் மூடுபனியும் நினைவுக்கு வரும். படகு நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் தேக்கடி ஏரிக்கு வழிவிடும் குமுளி இந்த வட்டத்தைச் சேர்ந்ததே. வாகமண்ணில் படகுச் சவாரி உண்டு. வடக்கே சென்றால் இடுக்கி நீர்த்தேக்கம்; பாலக்காட்டுப் பக்கம் மலம்புழை அணை. படகு ஓடும் நீர்நிலை எதுவாயினும் அதன் கரையில் கவிழ்த்துப் போடப்பட்ட பழைய ஃபைபர் படகு ஒன்றைக் காணலாம். நிறம் வெளுத்து, விளிம்பு சிதைந்து, உள்ளே மழைநீரும் சருகும் தேங்கியிருக்கும். விலை கேட்டால் மிகக் குறைவாகச் சொல்வார்கள். "நாமே பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம்" என்ற எண்ணம் அப்போதுதான் பிறக்கிறது.

அந்த எண்ணத்தில் தவறில்லை. வீட்டு முற்றத்திலேயே ஒரு சிறு படகைச் சீராக்குவது பொறுமையுள்ள எவருக்கும் இயலக்கூடியதே. ஆனால் பெயிண்ட் என்பது இந்த வேலையின் கடைசிப் படி. அதையே முதற்படியாகக் கொள்பவர் பழுதை நீக்குவதில்லை, மறைத்துவைக்கிறார். மறைக்கப்பட்ட பழுது கரையில் தெரியாது, நடு ஏரியில்தான் தெரியவரும்.

ஃபைபர் படகு நம் மக்களுக்கு அந்நியப் பொருளன்று. 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தின்கீழ், அலையைக் கடந்து கரையேறத்தக்க ஃபைபர் படகுகள் வடிவமைக்கப்பட்டன. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கடற்கரையில் கட்டுமரத்தின் இடத்தைப் பெரும்பாலும் ஃபைபர் படகுகளே பிடித்துக்கொண்டன. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் ரப்பர் மரத்தில் தோணி செய்து, அதற்கு ஃபைபர் உறையிடும் முறையையும் உருவாக்கியுள்ளது. ரப்பர் விளையும் கோட்டயம், இடுக்கி மாவட்டத்தாருக்கு இது சுவையான செய்தியாக இருக்கும்.

இந்தப் பொருளின் அமைப்பு எளியது. கண்ணாடி இழைகளால் ஆன விரிப்பைப் பாலியெஸ்டர் ரெசினில் நனைத்து, அடுக்கடுக்காகப் படிய வைத்தால் ஓடு உருவாகிறது. கண்ணாடி இழை வலிமை தருகிறது. ரெசின் அதைப் பிணைத்து நிறுத்துகிறது. வெளிப்புறத்தில் பளபளப்பாகத் தெரிவது ஜெல்கோட் எனப்படும் மேல்தோல். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். மரத்தைப்போல் இது உளுத்துப்போவதில்லை. இரும்பைப்போல் துருப்பிடிப்பதும் இல்லை. அதேசமயம், ஒருமுறை இறுகிய ரெசினை மீண்டும் உருக்க இயலாது. எனவே பழைய இரும்புக்கும் மரத்துக்கும் கிடைக்கும் விலை பழைய ஃபைபருக்குக் கிடைக்காது. கைவிட்ட படகு கரையில் குப்பையாகவே கிடக்கும். பழுதுபார்த்துப் பயன்படுத்துவதை ஆதரிக்க இந்த ஒரு காரணமே போதும் என்பது என் கருத்து.

வாங்குவதற்கு முன் ஒரு ரூபாய் நாணயத்தாலோ சிறு சுத்தியலின் கைப்பிடியாலோ ஓடு முழுவதையும் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். அடுக்குகள் விட்டுப்போன இடமும் நீர் ஊறிய இடமும் மந்தமாக ஒலிக்கும். மந்தமான இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக்கொண்டால், பழுதின் வரைபடம் படகின்மீதே உருவாகிவிடும். அடுத்து, எஞ்சின் மாட்டும் பின்பலகையைப் பிடித்து வலுவாக அசைத்துப் பார்க்க வேண்டும். ஃபைபர் உறைக்குள் இருப்பது பெரும்பாலும் பிளைவுட்டே. திருகாணித் துளை வழியே நீர் புகுந்தால் அது உள்ளுக்குள் மட்கிப்போகும்; வெளியே ஓர் அடையாளமும் தெரியாது. மாற்றுவதாயின், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டையே கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் 'வாட்டர் புரூஃப்' என்று பொதுவாகச் சொல்வது போதாது, ஐ.எஸ். 303 வகைப் பலகை அலமாரிக்கு ஏற்றது, படகுக்கு ஏற்றதன்று.

இருக்கைகளுக்கு அடியில் அடைத்திருக்கும் நுரைப்பஞ்சையும் சோதிக்க வேண்டும். படகில் நீர் நிறைந்தாலும் மூழ்காமல் தாங்குவதற்கென வைக்கப்பட்டது அது. பல ஆண்டுகள் நீரில் கிடந்த நுரை, நீரைக் குடித்துக் கனத்துப்போயிருக்கும். பின்பலகை மட்கி, உட்சட்டங்கள் ஓட்டிலிருந்து கழன்று, நுரையும் ஊறியிருந்தால் அந்தப் படகு இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். கேட்ட விலையைவிடப் பொருட்செலவே பல மடங்காகும்.

இனி ஏரிப் படகுகளுக்கே உரிய ஒரு நோய். கடல்நீர்தான் படகைக் கெடுக்கும், ஏரி நீர் சாது என்று பலரும் நினைக்கிறோம். ஃபைபரைப் பொறுத்தவரை உண்மை இதற்கு நேர்மாறானது. ஜெல்கோட் வழியாக நீர் மிக மெல்ல உட்புகுந்து, ரெசினில் எஞ்சியுள்ள சில பொருட்களைக் கரைக்கிறது. உள்ளே அடர்ந்த கரைசல், வெளியே நன்னீர். பள்ளியில் படித்த சவ்வூடு பரவல் இங்கே வேலை செய்யத் தொடங்குகிறது. உலர்ந்த திராட்சை வெறும் நீரில் நன்றாக உப்பும், உப்புநீரில் அவ்வளவாக உப்பாது அல்லவா? அதுபோலவே, கடலில் கிடக்கும் ஓட்டைவிட நன்னீரில் கிடக்கும் ஓட்டில்தான் கொப்புளங்கள் எளிதாக எழுகின்றன. கொப்புளத்தைக் குத்தினால் காடி மணத்துடன் ஒரு திரவம் அழுத்தத்தோடு பீறிடும். கண்ணாடி அணியாமல் அதன் அருகில் முகத்தைக் கொண்டுபோகக் கூடாது. இத்தகைய கொப்புளங்களின் மேல் பட்டி பார்த்து வண்ணம் பூசினால் அடுத்த ஆண்டு அவை மறுபடியும் எழும். ஒவ்வொன்றையும் திறந்து, தேய்த்து, நல்ல நீரால் பலமுறை கழுவி, ஓடு முற்றிலும் உலரும்வரை காத்திருக்க வேண்டும்.

காத்திருப்பதுதான் பீர்மேட்டில் கடினம். ஏறத்தாழ 3,000 அடி உயரம். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை ஓயுமுன் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. ஆகவே படகு வேலைக்கு உகந்தவை டிசம்பர் இறுதி முதல் மார்ச் வரையிலான வாரங்களே. ஓடு உலர்ந்துவிட்டதா என்று அறியக் கருவி தேவையில்லை. மேல்தோல் நீக்கிய இடத்தில் சாண் அளவுள்ள பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் நாடா ஒட்டி, வெயிலில் ஒரு பகல் விட்டுப் பார்த்தால் போதும். தாளின் உட்புறத்தில் நீர்த்துளி பூத்திருந்தால் இன்னும் பொறுத்திருக்க வேண்டும்.

பனியும் ஒரு தடையே. காலையில் மஞ்சு விலகி, ஓட்டைத் தொட்டால் வெதுவெதுப்பாக உணரும் வேளையில் வேலையைத் தொடங்கி, பிற்பகல் 3 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. பனி படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட ஓட்டின் வெப்பம் குறைந்தது 3 டிகிரியாவது கூடுதலாக இருக்கும்போதே பூச்சு வேலை செய்ய வேண்டும் என்பது தொழில்முறை விதி. குளிரில் பாலியெஸ்டர் ரெசின் சரிவர இறுகாது. அதை ஈடுசெய்யக் கெட்டிப்படுத்தியை அளவுக்கு மீறி ஊற்றுவோரும் உண்டு. அவ்வாறு செய்தால் ரெசின் நொறுங்கும் தன்மை அடைகிறது.

ஓட்டையை அடைப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. உடைந்த விளிம்பைச் செங்குத்தாக விட்டு, மேலே ஒரு துண்டை ஒட்டினால் அது என்றாவது ஒருநாள் பெயர்ந்துவிடும். ஓட்டின் கனத்தைப்போல் 12 மடங்கு தூரத்துக்குச் சாய்வாகத் தேய்த்துக்கொள்ள வேண்டும். 5 மில்லிமீட்டர் கனமுள்ள ஓட்டில் 10 சென்டிமீட்டர் ஓட்டை என்றால், சுற்றிலும் 6 சென்டிமீட்டர் சாய்வு. ஆக 22 சென்டிமீட்டர் வட்டமாக அது விரியும். பார்ப்பவர் பதறுவார்கள், ஆயினும் புதிய அடுக்குகளுக்குப் பிடிப்பைத் தருவது அந்தச் சாய்வே. 450 கிராம் விரிப்பு ஓர் அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ ரெசினைக் குடிக்கும். 8 சதுர மீட்டர் அடிப்பரப்புக்கு ஓர் அடுக்கு வேய்வதென்றால் விரிப்பு 3.6 கிலோ, ரெசின் 8 முதல் 9 கிலோ. இப்படிக் கணக்கிட்டுக்கொண்டு கடைக்குச் சென்றால் செலவு கைமீறாது.

பழைய ஓட்டின்மீது ஒட்டுவதற்கு எப்பாக்ஸி ரெசின் விலை கூடுதலாயினும் பிடிப்பு மிகுந்தது. பாலியெஸ்டர் மேல் எப்பாக்ஸி நன்றாக ஒட்டும். எப்பாக்ஸி மேல் பாலியெஸ்டர் அவ்வளவு நம்பகமாக ஒட்டாது. எனவே இடையில் மாறாமல், எதில் தொடங்குகிறோமோ அதிலேயே முடிப்பது நல்லது. கார்ப் பட்டறைகளில் பயன்படும் பட்டி மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது நீரை உறிஞ்சும் இயல்புடையது. நீர்மட்டத்துக்குக் கீழே அதற்கு இடமில்லை.

வீட்டில் செய்கிற வேலை என்பதால் சில ஆபத்துகளை ஒளிவின்றிச் சொல்லியாக வேண்டும். பாலியெஸ்டர் ரெசினைக் கெட்டிப்படுத்தும் பெராக்சைடு திரவம் கண்ணில் ஒரு துளி பட்டாலும் பார்வையைப் பறிக்கக்கூடியது. பட்டால் உடனே கால்மணி நேரத்துக்குக் குறையாமல் நீரால் கழுவியபடி இருந்து, பிறகு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். வேகமூட்டியான கோபால்ட்டையும் பெராக்சைடையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்கு கலக்கிய பின்னரே, ஊசிக்குழலால் அளந்து, 1 முதல் 2 சதவீதம் பெராக்சைடு சேர்க்க வேண்டும். கலந்த ரெசின் பெரிய வாளியில் தேங்கினால் தானே கொதித்துப் புகையும். கால் லிட்டர் அளவில் சிறிது சிறிதாகக் கலப்பதே முறை. ரெசினின் ஆவி காற்றைவிடக் கனமானது. மூடிய அறையில் தரையோடு தேங்கும். சாதாரணத் துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. திறந்த முற்றம், கண்ணாடி, கையுறை, ஆவியை வடிகட்டும் கவசம் ஆகிய நான்கும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். சிறுவர்களை அப்பால் அனுப்பிவிடுவது நலம்.

இத்தனைக்கும் பிறகே வண்ணத்துக்கு முறை வருகிறது. முதலில் கரைப்பானில் நனைத்த துணியால் பழைய மெழுகைத் துடைத்தெடுத்து, அதன் பிறகே உப்புத்தாள் பிடிக்க வேண்டும். வரிசை மாறினால் மெழுகு கீறல்களுக்குள் இறங்கிவிடும். தேய்ப்பதை நீர் விட்டே தேய்த்தால் கண்ணாடித் தூள் பறக்காது. துடைத்த பரப்பில் நீரை ஊற்றினால் அது ஒரே படலமாகப் பரவ வேண்டும். தாமரை இலையில்போல் முத்து முத்தாக உருண்டால் இன்னும் மெழுகு இருக்கிறது என்று பொருள். எப்பாக்ஸி பிரைமர் இரண்டு பூச்சு, அதன்மேல் இரு கலவைப் பாலியூரித்தேன் வண்ணம் இரண்டு பூச்சு என்றால் பல ஆண்டுகள் நிற்கும். இந்த வண்ணத்தை வீட்டில் தெளிப்பானால் அடிக்கக் கூடாது. அதன் கெட்டிப்படுத்தியிலுள்ள ஐசோசயனேட் நுண்துளிகளாக மூச்சில் கலந்தால் நுரையீரலைத் தாக்கும். உருளையால் பூசி, உடனே நல்ல தூரிகையின் நுனியால் மெல்ல வருடிவிட்டால் தெளித்ததற்கு இணையான பளபளப்பு கிடைக்கும்.

கடற்படகுகளின் அடியில் சிப்பி ஒட்டாமலிருக்கப் பூசும் செம்பு கலந்த வண்ணம் ஏரிப் படகுக்குத் தேவையே இல்லை. கடைக்காரர் வற்புறுத்தினாலும் தவிர்க்க வேண்டும். பெரியாற்று அணையின் நீர் தேனி, மதுரை தொடங்கி இராமநாதபுரம் வரை குடிநீராகவும் பாசனமாகவும் செல்வதை நாம் அறிவோம். தேய்த்த கழிவுநீரையும் எஞ்சிய கரைப்பானையும் ஓடையில் ஊற்றாதிருப்பதும் இதே காரணத்தால்தான்.

வலுவான ஓடு மட்டுமே படகைப் பாதுகாப்பானதாக ஆக்கிவிடாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் கவிழ்ந்து 45 பேர் உயிரிழக்கக் காரணமான ஜலகன்யகா, நீரில் இறக்கிச் சில வாரங்களே ஆன ஈரடுக்கு ஃபைபர் படகு. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் கவிழ்ந்து 22 பேரைப் பலிகொண்டதும் ஈரடுக்குச் சுற்றுலாப் படகே. பழுதுபார்க்கும் ஆர்வத்தில் கூரை போடுவதும், மேல்தளம் எழுப்புவதும், இருக்கைகளை உயர்த்துவதும் படகின் எடையை மேலே ஏற்றுகின்றன. மேலே ஏறிய எடை படகைக் கவிழ்க்கும். வடிவமைத்தவர் விட்டுச்சென்ற உருவத்தை அப்படியே மீட்பதோடு நம் வேலை நின்றுவிட வேண்டும். எஞ்சின் பொருத்துவதாயின், உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021இன்படி ஆய்வுச் சான்றும் பதிவும் பெற வேண்டும். படகு ஓட்ட எண்ணும் நீர்நிலைக்கு உரிய துறையின் அனுமதியை, படகு வாங்குவதற்கு முன்பே கேட்டறிவது பணத்தைக் காக்கும்.

வேலை முடிந்ததும் படகை மீண்டும் எடை பார்க்க வேண்டும். பழைய எடையோடு ஒப்பிட்டால், தாங்கக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையில் எதைக் குறைக்க வேண்டும் என்பது தெரியும். பிறகு இடுப்பளவு ஆழமுள்ள கரையோரத்தில், ஆளில்லாமல், எஞ்சினுக்கு ஈடான மணல்மூட்டையைப் பின்பலகை ஓரம் வைத்து, விளிம்புவரை நீரை நிரப்பிப் பார்க்க வேண்டும். அணியமும் பின்பலகையும் நீருக்கு மேலே சமமாக மிதந்தால் நுரை வேலை செய்கிறது. ஒருபுறம் சாய்ந்து அமிழ்ந்தால், புதுவண்ணம் எவ்வளவு மின்னினாலும், இருக்கைகளை மறுபடியும் கழற்ற வேண்டியதுதான்.