கிளி வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்!

பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளக் கதிர் முற்றிவிட்டால் போதும், கீச்கீச்சென்று பச்சைக்கிளிக் கூட்டம் இறங்கிவிடும். தகரத்தைத் தட்டித் தட்டியே காவல்காரருக்குக் கை வலிக்கும். 'இத்தனை கிளி இருக்கே, ஒண்ணே ஒண்ணைக் கூண்டில் வளர்த்தா என்ன?' என்கிறீர்களா? வளர்க்கலாம். அப்புறம் கம்பி எண்ண வேண்டியது கிளி மட்டுமல்ல, நீங்களும்தான்!

நம்ம ஊர்ப் பச்சைக்கிளிக்கு 1972-ம் வருஷத்து வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் காவல் இருக்கிறது. 2022-ல் திருத்தியபோது 2-ம் அட்டவணையில் வைத்துவிட்டார்கள். பிடித்தாலும், விற்றாலும், வளர்த்தாலும் 3 வருஷம் வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். 2023-ல் சென்னையில் நடிகர் ரோபோ சங்கர் வீட்டிலிருந்தே 2 கிளிகளை வனத்துறை எடுத்துப் போனது, அபராதமும் போட்டது. சீட்டு எடுக்கும் கிளிக்கு ஜாமீன் எடுக்கத் தெரியாது சார்!

ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா? மொட்டை மாடியிலிருந்து பறக்கவிட்டுப் புண்ணியம் தேடாதீர்கள். இறகு வெட்டின கிளி பூனைக்குத்தான் டிபன். வனத்துறை ஆபீஸில் ஒப்படையுங்கள்.

அப்போ எதை வாங்கலாம்? கடையில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கிற பட்ஜி, கொண்டை வைத்த காக்டெயில். இரண்டுக்கும் பூர்விகம் ஆஸ்திரேலியா; தடை கிடையாது. ஆப்பிரிக்க சாம்பல் கிளி, மக்காவ் என்று பெரிய இடத்துச் சம்பந்தம் தேடினால், 2024-ம் வருஷ விதிப்படி மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும்.

கடையில் பகலிலேயே இறகைச் சிலிர்த்துக்கொண்டு தூங்கி வழியும் பறவையை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது சோம்பேறி அல்ல, நோயாளி.

அடுத்தது உங்கள் டைம்டேபிள். காலை 8 மணி பஸ்ஸில் அரியலூர் ஆபீஸுக்குப் போய் ராத்திரி ரூமுக்குத் திரும்புகிறவரா? தனியாகக் கிடக்கும் பறவை ஏங்கிப்போய்த் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். ஜோடியாக வாங்குங்கள். இரண்டும் இறக்கை விரிக்க இடமுள்ள கூண்டு வேண்டும். தினை, கம்போடு கீரையும் கொடுங்கள். சாக்லேட், காபி, அவகேடோ விஷம். அடுப்பில் மறந்துபோன நான்ஸ்டிக் தவாவின் புகையே அதன் உயிரை வாங்கிவிடும். காக்டெயில் 15, 20 வருஷம்கூட இருக்கும். உங்கள் கல்யாணத்தையும் பார்க்கும், பிள்ளையின் பத்தாம் கிளாஸ் மார்க்கையும் பார்க்கும்!

இவ்வளவுக்குப் பிறகும் பச்சைக்கிளி ஆசை விடவில்லையா? கொல்லையில் ஒரு கொய்யா மரம் வையுங்கள். கிளி தானாக வரும். சட்டம் ஒன்றும் சொல்லாது. பழம் மட்டும் உங்களுக்கு மிஞ்சாது!