'அப்பாடா' என்ற நிம்மதிதான் பதற்றத்துக்குத் தீனி!

கல்யாண மண்டபம் வரை வந்துவிட்டு, 'தலை வலிக்குது, நீங்க போயிட்டு வாங்க' என்று காரிலேயே உட்கார்ந்துவிடும் சித்தி. போன் அடிக்கும்போது எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்து, அடித்து ஓய்ந்ததும் 'என்ன விஷயம்?' என்று வாட்ஸ்அப்பில் கேட்கும் கல்லூரிப் பிள்ளை. ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கி வந்து, கவரைப் பிரிக்காமலேயே பீரோவில் வைத்துவிடும் அப்பா. இப்படி ஒருவராவது இல்லாத குடும்பம் அபூர்வம்.

வீட்டில் இவர்களுக்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருப்பார்கள். சித்திக்குத் திமிர், பிள்ளைக்குச் சோம்பல், அப்பாவுக்கு அலட்சியம். பயம் என்ற பெயரை மட்டும் வைப்பதில்லை. காரணம், இவர்கள் பயந்து நடுங்கி யாரும் பார்த்ததில்லை. பயம் வருகிற இடத்துக்கே போகாமல் ஒதுங்கிக்கொள்பவர்களிடம் பயத்தை எப்படிப் பார்க்க முடியும்?

மனநல மருத்துவத்தில் இதற்குத் 'தவிர்த்தல்' என்று பெயர். 2019-ல் உலகம் முழுவதும் சுமார் 30 கோடிப் பேருக்குப் பதற்ற நோய் இருந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. மனநலப் பிரச்னைகளிலேயே அதிகம் பேருக்கு இருப்பது இதுதான். ஆனால், சிகிச்சை பெறுபவர்கள் நான்கில் ஒருவர் அளவுக்குத்தான். மற்றவர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சமாளிப்பே பல நேரம் நோயை வளர்த்துவிடுகிறது என்பதுதான் வேதனை.

பல்லாவரத்தில் இறங்கிய பெண்

தாம்பரத்திலிருந்து கிண்டிக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள் காலை நெரிசல். முந்தைய இரவு சரியான தூக்கமில்லை, சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறார். குரோம்பேட்டை தாண்டியதும் திடீரென நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, மூச்சு முட்டுகிறது. 'மயங்கி விழப்போறேன்' என்று தோன்ற, பல்லாவரத்தில் முண்டியடித்து இறங்கிவிடுகிறார். பிளாட்பாரத்தில் நின்றதும் காற்று வருகிறது. அப்பாடா!

அவர் இறங்காமல் இருந்திருந்தாலும் அந்தப் படபடப்பு அடங்கித்தான் இருக்கும். திடீர் பீதி சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கிவிடும். உடம்பால் அதே வேகத்தில் மணிக்கணக்காக ஓட முடியாது. ஆனால், அது அவருடைய மூளைக்குத் தெரிய வாய்ப்பே கிடைக்கவில்லை. 'பஸ் ஆபத்து, இறங்கியதால் தப்பித்தோம்' என்று அது கணக்கு எழுதிக்கொள்கிறது. மறுநாள் பஸ் நிறுத்தத்திலேயே நெஞ்சு அடிக்க ஆரம்பிக்கிறது. அடுத்து ஷேர் ஆட்டோ. அப்புறம் கணவர் பைக்கில் கொண்டுபோய் விடுகிறார். சில மாதங்களில், 'வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமா?' என்று மேனேஜரிடம் கேட்கிறார். ஒவ்வொரு முறையும் ஓர் 'அப்பாடா'. ஒவ்வொரு 'அப்பாடா'வுக்கும் அவர் நடமாடும் உலகம் ஒரு தெரு அளவு சுருங்கிக்கொண்டே வருகிறது.

பயத்தைப் போக்கும் எந்தச் செயலையும் மனம் வெகுமதியாக எடுத்துக்கொண்டு, மீண்டும் மீண்டும் செய்யச் சொல்லும் என்பதை அமெரிக்க உளவியலாளர் மௌரர் 1940-களிலேயே விளக்கிவிட்டார். பதற்றத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் இதைத் தெரிந்துகொண்டால் போதும்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். பஸ்ஸில் ஒருவன் சீண்டுகிறான் என்பதால் அந்த பஸ்ஸில் ஏறப் பிடிக்காத பெண்ணுக்கு இருப்பது பதற்ற நோய் அல்ல. அடிக்கிற வீட்டுக்குப் போகப் பயப்படுவதும் அப்படியே. உண்மையான ஆபத்தை விட்டு விலகுவது புத்திசாலித்தனம். இல்லாத ஆபத்தை விட்டு விலகுவதைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

தண்ணீர் பாட்டிலும் மாத்திரைப் பட்டையும்

முழுதாக ஒதுங்க முடியாதவர்கள் பாதி ஒதுங்குவார்கள். பஸ்ஸில் ஏறுவார்கள், ஆனால் படிக்குப் பக்கத்து சீட்டில்தான். கையில் தண்ணீர் பாட்டில், பையில் மாத்திரைப் பட்டை, காதில் போன். 1871-ல் பெர்லினைச் சேர்ந்த மருத்துவர் கார்ல் வெஸ்ட்பால், அகலமான சதுக்கங்களைக் கடக்கப் பயந்தவர்களைப் பற்றி எழுதியபோதே இதைக் கவனித்திருக்கிறார். கூட ஒரு துணையோ, கையில் ஒரு கைத்தடியோ இருந்தால் அவர்களுக்குப் பயம் குறைந்துவிடுமாம். கைத்தடி போய் இப்போது தண்ணீர் பாட்டில் வந்திருக்கிறது, அவ்வளவுதான். இதில் சிக்கல் என்னவென்றால், பத்திரமாக வீடு வந்து சேர்ந்த பிறகும், 'பாட்டில் இருந்ததால் பிழைச்சேன்' என்றே மனம் சொல்லும்.

மயக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலும் மயக்கம் வருவது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும்போது. பீதியில் இதயம் வேகமாகத் துடித்து அழுத்தம் ஏறவே செய்கிறது. அதனால், 'விழுந்துடுவேன்' என்ற உணர்வு எவ்வளவு பலமாக இருந்தாலும், பீதியால் உண்மையில் விழுபவர்கள் குறைவு. ரத்தம், ஊசி கண்டு பயப்படுபவர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்கு அழுத்தம் இறங்கி நிஜமாகவே மயக்கம் வரலாம்.

அடுத்தது, ராத்திரி ரெண்டு பெக். விருந்துக்குப் போகும் முன்னால் 'கொஞ்சம் தைரியத்துக்கு' என்று ஆரம்பித்தவர்கள் பலர். மது சில மணி நேரம் பதற்றத்தை அமுக்கும், உண்மைதான். ஆனால், போதை இறங்கும்போது அமுக்கிய ஸ்பிரிங் போல நரம்புகள் எகிறும். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு நெஞ்சு படபடக்க விழித்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் படபடப்புக்கு மறுபடி மது என்று சுழல ஆரம்பித்தால், இரண்டு நோய்க்கு வைத்தியம் பார்க்க வேண்டிவரும்.

அல்பிரஸோலம் போன்ற மாத்திரைகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். மருத்துவர் குறைந்த நாள்களுக்கு எழுதித் தந்ததை, பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் இது ஹெச்1 அட்டவணையில் இருக்கும் மருந்து. மருந்துக்கடைக்காரர் தனிப் பதிவேட்டில் விவரம் எழுதித்தான் தர வேண்டும். பழக்கமாகிவிட்டவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடக் கூடாது. வலிப்புகூட வரலாம். மருத்துவரின் கண்காணிப்பில் மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

வெளியில் தெரியாத பழக்கங்களும் உண்டு. இடது தோளில் லேசாக வலித்தால் உடனே கூகுளில் தேடுவது. தூங்கப் பயந்து நள்ளிரவு வரை ரீல்ஸ் தள்ளுவது. 'எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?' என்று மனைவியிடம் நாளுக்குப் பத்து முறை கேட்பது.

அப்படியானால் மனதைத் தேற்றும் எல்லாமே கெட்டதா? இல்லை. ஒரு பழக்கம் அந்த பஸ்ஸை நோக்கி அழைத்துப் போகிறதா, அதிலிருந்து விலக்கி அழைத்துப் போகிறதா என்று பார்த்தால் போதும். சாமி கும்பிட்டு திருநீறு பூசிக்கொண்டு தேர்வு எழுதக் கிளம்பினால் அது பலம். நேரம் சரியில்லை என்று தேர்வையே விட்டுவிட்டால் அது தவிர்த்தல். நடைப்பயிற்சி, பாட்டு, தோழியிடம் மனம்விட்டுப் பேசுவது என எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல்தான்.

பாசத்தின் பங்கு

தமிழ்க் குடும்பங்களில் ஒருவரின் பதற்றத்துக்குச் சேவை செய்ய நான்கு பேர் இருப்பார்கள். 'நீ வர வேண்டாம்மா, நான் பார்த்துக்கறேன்' என்பார் மாமியார். திங்கட்கிழமை காலை மகனுக்கு வயிற்று வலி வந்தால், அம்மாவே ஸ்கூலுக்கு லீவ் சொல்லிவிடுவார். ஒன்பது மணிக்கெல்லாம் வலி போய்விடும். அவன் பொய் சொல்லவில்லை, வலி நிஜம்தான். பள்ளிக்கூடம் இல்லை என்றதும் வந்த நிம்மதியும் நிஜம்தான். அடுத்த திங்கட்கிழமை வலி இன்னும் சீக்கிரம் வரும்.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழுவினர் 124 குழந்தைகளின் குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பிரிவில் குழந்தைக்கு நேரடியாகச் சிகிச்சை. இன்னொரு பிரிவில் குழந்தையைச் சிகிச்சைக்கே கூப்பிடாமல், பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. பிள்ளையின் பயத்துக்காகத் தாங்கள் செய்து தரும் வசதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும், கூடவே 'உன்னால முடியும்' என்று சொல்ல வேண்டும். அதுதான் பயிற்சி. 2020-ல் வெளியான முடிவின்படி, குழந்தைகளின் பதற்றம் இரண்டு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குறைந்திருந்தது.

'உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. பயத்தோடயே போயிட்டு வந்துடலாம்' என்று சொல்லும் அம்மாவுக்கு, அதைச் சொல்லும்போது தொண்டை அடைக்கும். லீவ் சொல்வது அதைவிடச் சுலபம். அதேநேரம், 'இதுக்கெல்லாம் பயப்படுவாங்களா?' என்று திட்டி, தரதரவென்று இழுத்துப்போய் விடுவதும் வைத்தியம் இல்லை. அப்படிச் செய்தால் பள்ளிக்கூடத்தோடு சேர்த்து அம்மாவிடமும் பயம் வரும். பிள்ளை தொடர்ந்து போக மறுத்தால், வகுப்பில் யாராவது அடிக்கிறார்களா, கேலி செய்கிறார்களா என்றும் விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது பயம்

ஆஸ்திரேலியாவில் கிளேர் வீக்ஸ் என்ற இளம் விஞ்ஞானிக்கு 1920-களின் இறுதியில் காசநோய் என்று தவறாக முடிவு செய்து, சானடோரியத்தில் தங்கவைத்தார்கள். திரும்பி வந்த பிறகு நெஞ்சு படபடப்பு நிற்கவே இல்லை. இதய நோய் என்று பயந்துகொண்டே காலம் தள்ளினார். முதல் உலகப்போரில் பங்கேற்ற நண்பர் ஒருவர், 'படபடப்பைப் பார்த்து நீ பயப்படுவதால்தான் இன்னும் படபடக்கிறது. போர்முனையில் எங்களுக்கும் இப்படித்தான்' என்ற பொருளில் சொன்னாராம். அவ்வளவுதான், வீக்ஸுக்குப் பிடி கிடைத்துவிட்டது. பின்னாளில் மருத்துவம் படித்து, 1962-ல் அவர் எழுதிய சுய உதவிப் புத்தகம் பல நாடுகளில் விற்றது.

பயம் இரண்டு என்றார் அவர். முதலாவது உடம்பின் வேலை. சட்டென்று வரும், கையில் இல்லை. இரண்டாவது, 'ஐயோ, வந்துடுச்சே, இப்ப என்ன ஆகுமோ' என்று நாம் அதன் மேல் ஊற்றும் எண்ணெய். முதலாவதோடு மல்லுக்கட்டாமல், அலை மேல் மிதப்பதுபோல் விட்டுவிட்டு நேரத்தை ஓடவிட்டால் போதும் என்பது அவர் வழி. சொல்லச் சுலபம். பழகத்தான் வாரங்கள் ஆகும்.

ஒரு நிறுத்தம், ஒரு நிறுத்தமாக

பழகுவதற்கு ஏணி வேண்டும். தாம்பரத்துப் பெண்ணையே எடுத்துக்கொள்வோம். முதலில் கூட்டமில்லாத மதிய நேரத்தில் சானடோரியம் வரை ஒரே ஒரு நிறுத்தம், கணவரோடு. அடுத்து அதே தூரம் தனியாக. பிறகு குரோம்பேட்டை, பல்லாவரம், கடைசியில் காலை நெரிசலில் கிண்டி. ஒவ்வொரு படியையும் ஒருமுறை அல்ல, அலுத்துப்போகும் வரை திரும்பத் திரும்ப ஏற வேண்டும். பயம் உச்சத்தில் இருக்கும்போது இறங்காமல் இருப்பதுதான் இதன் உயிர். போகப் போக, தண்ணீர் பாட்டிலையும் வீட்டில் வைத்துவிட்டுப் போய்ப் பார்க்கலாம்.

கிளம்பும் முன் நோட்டில், 'என்ன நடக்கும்னு நினைக்கிறேன்?' என்று எழுதி, திரும்பி வந்ததும் பக்கத்திலேயே, 'என்ன நடந்தது?' என்று எழுதுவது நல்ல பழக்கம். 'மயங்கிடுவேன்' என்பதற்கு எதிரில், 'வியர்த்தது, சீட் கிடைச்சது, கிண்டியில இறங்கினேன்' என்று இருக்கும். படபடப்பு அன்று குறையாவிட்டாலும் பரவாயில்லை. பயந்தது நடக்கவில்லை என்பது பதிவாக வேண்டும். நடுவில் ஒருநாள் பாதியில் இறங்க நேர்ந்தால், மறுநாள் ஒரு படி கீழே இருந்து தொடங்கலாம்.

ஏணிக்கு முன்னால் உடம்பையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் படபடக்கும். காபி அதிகமானாலும்தான். முதன்முறையாக நெஞ்சுவலி வந்தாலோ, வலி கைக்கும் தாடைக்கும் பரவினாலோ, 'இது பதற்றம்தான்' என்று வீட்டிலேயே முடிவு கட்டாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு, அதே ஈ.சி.ஜி-யை மாதாமாதம் எடுத்துக்கொண்டிருந்தால், அதுவும் இன்னொரு 'அப்பாடா'.

தனியாக ஏணி ஏற முடியாதவர்கள், வேலையோ படிப்போ நின்றுபோனவர்கள், மது இல்லாமல் தூங்க முடியாதவர்கள் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்ப்பது நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். போனில் பேசுவதே பயம் என்பவர்களுக்கு வீட்டில் ஒருவர் நம்பரைப் போட்டுக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். பேசுவது மட்டும் அவராகவே இருக்கட்டும்.