டென்னிஸ் ஆடாதவருக்கும் 'டென்னிஸ் எல்போ'! லேசர் ஒளியில் வலி தீருமா?

காய்கறிப் பையைத் தூக்கினால் முழங்கையில் 'சுருக்'! ஈரத் துணியைப் பிழிந்தால் 'விண்'! காபி டம்ளரை எடுக்கக்கூட கை தயங்குகிறது. டாக்டரிடம் போனால், "இது டென்னிஸ் எல்போ" என்கிறார்.

"டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லையே சார்!" என்று திகைப்பவர்கள் ஏராளம்.

அவர்கள் சொல்வது நிஜம்தான். இந்த வலி வருபவர்களில் பெரும்பாலோர் டென்னிஸ் ஆடாதவர்கள். தச்சர், பெயிண்டர், கறிக்கடைக்காரர், நாள் பூரா கம்ப்யூட்டரில் உட்காரும் குமாஸ்தா, துணி துவைக்கும் தாய்மார்கள் என்று யாருக்கும் வரலாம். 40 வயதை ஒட்டியவர்களுக்கு அதிகம்.

கோளாறு எங்கே?

மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகள், முழங்கையின் வெளிப்பக்க எலும்பில் ஒரு நாரால் ஒட்டியிருக்கின்றன. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அந்த நார் நைந்து போகிறது. வலி அங்கேதான்!

1883-ல் இங்கிலாந்தில் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் கைவலி பற்றி எழுதப்பட்டது. அதிலிருந்து இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

சச்சின் டெண்டுல்கரையும் இது விடவில்லை. 2004-ல் பல ஆட்டங்களில் ஒதுங்கிய அவர், 2005-ல் லண்டனில் ஆபரேஷன் செய்துகொண்டார்.

சுடாத லேசர்

லேசர் என்றதும் அறுத்துவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். இது சக்தி குறைந்த ஒளி. தோலைச் சுடாது. கருவியின் முனையை வலிக்கும் இடத்தில் வைத்து, சில நிமிடம் ஒளி பாய்ச்சுவார்கள். வாரத்துக்கு 2, 3 தடவை, சில வாரங்கள் போக வேண்டும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். புற்றுநோய்க் கட்டி உள்ள இடத்தில் பாய்ச்சக்கூடாது.

1967-ல் ஹங்கேரி டாக்டர் எண்ட்ரே மெஸ்டர், ரோமம் மழித்த எலிகள் மீது லேசர் பாய்ச்சினார். ரோமம் சீக்கிரம் வளர்ந்தது! இந்த வைத்தியத்துக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

பலன் உண்டா?

2008-ல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். 904 நானோமீட்டர் அலைநீள ஒளியை நேரே நார் மீது பாய்ச்சியபோது, குறுகிய காலத்துக்கு வலி குறைந்தது. 820, 1064 நானோமீட்டர் கருவிகளில் பலன் தெரியவில்லை.

ஆக, 'லேசர்' என்று போர்டு மாட்டினால் மட்டும் போதாது. "என்ன கருவி? எத்தனை நானோமீட்டர்? எத்தனை தடவை வரணும்?" என்று பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஊசி உஷார்!

ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் சுகம். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஊசி போடாதவர்களே தேவலை! 2006, 2013-ம் ஆண்டுகளில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வுகள் சொல்லும் சேதி இது.

செலவில்லாத வழி

பையைத் தூக்கும்போது உள்ளங்கை மேலே பார்க்கட்டும். மேஜை மீது முன்கையை வைத்து, சின்ன எடையைப் பிடித்து, மணிக்கட்டை மெதுவாகக் கீழே இறக்கிப் பழகுங்கள். பிசியோதெரபி நிபுணரிடம் ஒருமுறை கேட்டுச் செய்வது நல்லது.

விரல் மரத்துப்போனாலோ, கழுத்தும் சேர்ந்து வலித்தாலோ நரம்புக் கோளாறாக இருக்கலாம். உடனே டாக்டரைப் பாருங்கள்.

பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் இந்த வலி தானாகவே அடங்கிவிடும். அதுவரை லேசர் கொஞ்சம் கைகொடுக்கலாம். ஆனால் கைக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்காமல், வெறும் ஒளியை மட்டும் நம்பினால் வலி திரும்பி வந்து கதவைத் தட்டும்!