சுடுதிடலிலிருந்து செனட் வரை

உள்நாட்டுப் போரில் வடபகுதி வீரர்கள் பலருக்குக் குறிபார்த்துச் சுடவே தெரியவில்லை என்ற ஆதங்கத்தில், 1871-இல் நியூயார்க்கில் இரண்டு முன்னாள் ராணுவ அதிகாரிகள் தொடங்கியதுதான் அமெரிக்க தேசிய ரைஃபிள் சங்கம். லாங் ஐலண்டில் சுடுதிடல் அமைத்தார்கள்; போட்டிகள் நடத்தினார்கள். பல பத்தாண்டுகளுக்கு அதுவே அதன் முதன்மையான வேலை.

அரசியலே பேசாத சங்கம் என்று சொல்லிவிட முடியாது. 1934-இல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மசோதா வந்தபோது, கைத்துப்பாக்கியை அதிலிருந்து விலக்க அது பாடுபட்டது. ஆனால் அதன் தலைவர் கார்ல் ஃபிரெடரிக், ஆளாளுக்குத் துப்பாக்கியோடு திரிவதில் தமக்கு உடன்பாடில்லை, உரிமம் வேண்டும் என்று காங்கிரஸ் குழுவிடம் சொன்னார். பின்னாளில் அதிபர் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி, சங்கத்தின் சொந்தப் பத்திரிகையில் வந்த விளம்பரம் பார்த்துத் தபாலில் வாங்கப்பட்டது. அந்தத் தபால் விற்பனையைத் தடை செய்வதற்குச் சங்க நிர்வாகி ஃபிராங்க்ளின் ஆர்த் வெளிப்படையாகவே ஆதரவு தெரிவித்தார்.

1968-இல் அந்தத் தடை சட்டமானது. உறுப்பினர்களில் ஒரு சாரார் கொதித்தார்கள். தலைமையோ தலைநகரை விட்டுக் கொலராடோவுக்குப் போய், வேட்டை, இயற்கைப் பாதுகாப்பு என்று ஒதுங்கத் திட்டமிட்டது. 1977 மே மாதம் சின்சினாட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் இரவு முழுக்க வாதாடி, பழைய தலைமையை வெளியேற்றி, ஹார்லன் கார்ட்டரைக் கொண்டுவந்தார்கள். விட்டுக்கொடுப்பது என்ற பேச்சு அன்றோடு போனது.

இந்தச் சங்கத்தின் பலம் பணம் என்றே பலரும் எழுதுகிறார்கள். பணம் உண்டுதான், 2016 தேர்தலில் டிரம்புக்காக மட்டும் 3 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. ஆனால் காங்கிரஸ் உறுப்பினர்களை நடுங்க வைத்தது அதுவல்ல. வேட்பாளர்களுக்கு ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை மதிப்பெண் போட்டு, அதைத் தேர்தல்தோறும் சங்க உறுப்பினர்களின் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதைப் பெற்றவர்களில் பலர் அதை மட்டும் பார்த்து வாக்களித்தார்கள். கட்டுப்பாடு கேட்கும் எதிர்த்தரப்பில் எண்ணிக்கை அதிகம். ஆனால் இந்த ஒன்றுக்காகவே வாக்கை மாற்றுபவர்கள் குறைவு. சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகள் கொல்லப்பட்ட பிறகு, வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கும் விதியை விரிவாக்க மக்களில் மிகப் பெரும்பான்மையினர் விரும்பினார்கள். 2013 ஏப்ரலில் செனட்டில் ஆதரவு 54, எதிர்ப்பு 46. தேவைப்பட்டதோ 60. இறந்த குழந்தைகளின் பெற்றோர்களில் சிலர் பார்வையாளர் பகுதியில் உட்கார்ந்திருக்க, அந்த முயற்சி தோற்றது. அதை என்னால் ஆறிப்போன செய்தியாக இன்றும் படிக்க முடியவில்லை.

இன்று சங்கம் தளர்ந்திருக்கிறது. 1991 முதல் அதை நடத்திய வேய்ன் லபியர் சங்கப் பணத்தைத் தவறாகச் செலவிட்டார் என்று 2024-இல் நியூயார்க் ஜூரி தீர்ப்பளித்தது. யுவால்டி பள்ளிப் படுகொலைக்குப் பின், 2022-இல் அதன் எதிர்ப்பையும் மீறி ஒரு மிதமான கட்டுப்பாட்டுச் சட்டம் நிறைவேறியது. 15 குடியரசுக் கட்சி செனட்டர்கள் ஆதரித்தார்கள். ஆனால் ஆயுதம் தனிமனித உரிமை என்ற அதன் வாதம் 2008-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பாகிவிட்டது. அதை மாற்ற எந்தத் தேர்தலும் நேரடியாக உதவாது.

எதிர்த்தரப்பும் பாடம் கற்றது. சாண்டி ஹூக்குக்குப் பின் தாய்மார்கள் திரட்டிய அமைப்பு, மாநிலம் மாநிலமாக, இந்த ஒரே பிரச்சினைக்காக வாக்களிப்பவர்களைச் சேர்க்கத் தொடங்கியது. சங்கத் தலைமையகம் இருக்கும் வர்ஜீனியாவிலேயே 2019-இல் சட்டமன்றம் கைமாறி, 2020-இல் எல்லாத் துப்பாக்கி விற்பனைக்கும் பின்னணிச் சோதனை கட்டாயமானது.